ஒரு பிடி மண் போதாது

கரட்டுப்புதூர் பிரிவில் நாலு எலுமிச்சம்பழம் பத்துச் சக்கர போர்வெல் ரிக் வண்டியைத் தடுத்து நிறுத்தியது ஒரு மாசி மாத வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதரை மணிக்கு. ராகுகாலம் பிறக்க இன்னும் ஒரு மணி நேரம் முழுசாக இருந்ததால் நேரத்தின் மேல் பழியைப் போட யாருக்கும் வழியில்லாமல் போயிற்று.

திருச்செங்கோட்டுச் சாலையில் வண்டி ஓட்டிப் பிழைக்கிறவன் எவனானாலும் சரி, பட்டறையிலிருந்து வண்டியை வெளியே எடுக்கும்போது சூடம் கொளுத்தி, பூசணிக்காய் உடைத்து, நாலு மூலைச் சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்து, அது நசுங்கிச் சாறு தெறிக்கிறதைத் தன் காதால் கேட்காமல் ஓரடி நகர்த்த மாட்டான். பிரேக் இல்லாமல் போனாலும் போவானே தவிர எலுமிச்சம்பழம் இல்லாமல் போக மாட்டான். இருபத்திரண்டு வருஷம் போர்வெல் வண்டி ஓட்டிய ராக்கியப்பனும் அப்படித்தான் பழத்தை வைத்தார், கும்பிட்டார், ஏறி உட்கார்ந்து கியரைப் போட்டார். சக்கரம் பழத்தின் மேல் ஏறியது, நின்றது. இன்னும் மிதித்தார். வண்டி, அத்தனை இரும்புக் குழாயோடும் கம்ப்ரசரோடும், நாலு பழத்தின் மேல் எழும்பி நின்று, டயருக்கடியில் அந்தப் பக்கத்து வெயில் தெரிந்தது. பிறகு பூப்போல இறங்கிப் பழைய இடத்தில் உட்கார்ந்தது.

ராக்கியப்பன் இறங்கி ஒரு பழத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. பழம் யார் வீட்டுப் பழம் என்று கேட்டார். பட்டறைக்குப் பின்னால் இருக்கிற பாவாயி வீட்டுப் பழம் என்றார்கள். அப்படியா என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

பாவாயி கோழிப்பண்ணையில் முட்டை அடுக்குகிறவள். அவள் புருஷன் சத்தீஸ்கர் பக்கம் ரிக் வண்டியில் வேலை. பொங்கலுக்கு ஒரு தரம், ஆடிக்கு ஒரு தரம் முகம் காட்டுவான். ஊரூருக்கு ஓட்டை போட்டுத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறவனுக்குச் சொந்த வாசலில் எழுநூறு அடி போட்டும் வெறும் புழுதிதான் வந்தது. பிறகு நாற்பதடி தள்ளிப் போட்ட இன்னொரு குழாயில் தண்ணீர் வந்தது. வறண்ட குழாய் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. பாவாயிக்கு அப்போது மகள் மிதுனா ஒரு வயசுக் குழந்தை, தவழ்ந்து தவழ்ந்து எங்கே போவாளோ தெரியாது. எந்த ஊரிலோ ஒரு குழந்தை இப்படிக் குழிக்குள் போனதை டிவியில் காட்டின அன்றைக்குத்தான், அவள் வேலியோரம் நின்று, பட்டறை முதலாளி கந்தப்பனைக் கூப்பிட்டு, ஏனுங்கண்ணா, இந்தக் குழியைக் கொஞ்சம் மூடிக் குடுத்தா உங்களுக்குப் புண்ணியமுங்க என்று கேட்டாள்.

நான் பாத்துக்கறேன் அம்மிணி என்றார் கந்தப்பன். மறுநாளே ஆள் விட்டு, குழாய் வாய்க்குத் தகரத்தில் ஒரு புனல் பற்றவைத்து, மேலே ஒரு மூடியும் போட்டுக் கொடுத்தார். புனல் எதற்கு என்று பாவாயி கேட்கவில்லை, மூடியைத்தான் பார்த்தாள். அந்த நன்றிக்கு, வாசல் மரத்தில் காய்த்த எலுமிச்சம்பழத்தை வெள்ளிக்கிழமை தவறாமல் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள், ஒரு வாரம் ரெண்டு வாரம் இல்லை, எட்டு வருஷம்.

அந்த எட்டு வருஷமும், அவள் பண்ணைக்குப் போன பகல் நேரத்தில், பட்டறையில் உடைத்த பேட்டரியின் ஆசிட்டும், ஈயத்தகடு கழுவின தண்ணீரும், ரேடியேட்டர் பற்றவைத்த கசடும், கறுத்துப்போன இன்ஜின் ஆயிலும் அந்தப் புனல் வழியாகத்தான் பூமிக்குள் போய்க்கொண்டிருந்தன. ஊற்றும்போது சிந்தினதை வாசல் மண் குடித்தது. உள்ளே போனதை நாற்பதடி தள்ளியிருந்த குழாய் குடித்தது. குழாய்த் தண்ணீரை மிதுனா குடித்தாள்.

இதுவரை மரியாதையாகச் சொல்லிப் பார்த்தேன், இனி என் வாயில் வராது. கந்தப்பன் இனிமேல் அவன்தான்.

மிதுனா சாமர்த்தியமான பிள்ளை. பாலவாடியிலேயே நூறு வரை எண்ணினவள். ஏழு வயசில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருள ஆரம்பித்தாள். ஈறில் நீலமாக ஒரு கோடு ஓடியது. நாவல்பழம் தின்றிருப்பாள் என்று விட்டுவிட்டார்கள். பிறகு வாய்ப்பாடு மறந்தது, கூடப் படிக்கிற பிள்ளைகள் பெயர் மறந்தது, ஒருநாள் எந்தக் கையால் சாப்பிடுவது என்று தட்டின் முன்னால் யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டீச்சர் சோம்பேறி என்றாள். பாவாயி அதை நம்பினாள். நம்பி, விளக்குமாற்றுக் குச்சியால் பிள்ளையின் கெண்டைக்காலில் விளாசினாள்; ஒரு நாள் இல்லை, பல நாள். பிள்ளை ஏன் அடி வாங்குகிறோம் என்பதையும் மறந்து அம்மாவின் மடியிலேயே வந்து படுத்துக்கொள்ளும்.

சேலத்து டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் பேட்டரி வேலை ஏதாவது நடக்கிறதா என்று கேட்டார். பட்டறை இருக்குதுங்க என்றாள். ஈயம் என்றார் டாக்டர். போனது திரும்பி வராது அம்மா, இனிமேல் போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினாற்போல என்று சும்மா சொல்லிக்கொண்டிருக்கிறோமே, அன்றைக்குப் பாவாயிக்கு அது பழமொழியாக இல்லை.

பஸ்ஸை விட்டு இறங்கினதும் பிள்ளையைத் திண்டில் உட்கார வைத்துவிட்டு, நேராகப் புனலிடம் போனாள். மூடியைத் திறந்தாள், மோந்தாள், எல்லாம் விளங்கிற்று. வயிறெரிந்த பெண்பிள்ளை செய்கிற காரியத்தை அவளும் செய்தாள்: கீழே குனிந்து ஒரு பிடி மண்ணை வாரினாள், பட்டறை வாசலுக்குப் போய், மண்ணாப் போக என்று தூற்றுவதற்குக் கையை ஓங்கினாள். ஓங்கின கையை அப்படியே வைத்துக்கொண்டு யோசித்தாள். எட்டு வருஷத்துக்கும் சேர்த்து ஒரு பிடிதானா என்று அவளுக்குத் தோன்றியது. தூற்றவில்லை. திரும்பி வந்து அந்தப் பிடி மண்ணை எலுமிச்சை மரத்தடியிலேயே போட்டாள். பிள்ளைக்குக் குடிக்க அன்றிலிருந்து பண்ணைத் தண்ணீரைத்தான் சுமந்து வந்தாள். மறுநாள் வெள்ளிக்கிழமை, வழக்கம்போலப் பழம் பறித்துப் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதற்குப் பிறகு நடந்ததுதான் முதலில் சொன்னது.

ராக்கியப்பன் வண்டிக்குச் சந்தையிலிருந்து வேறு பழம் வாங்கி வந்தார்கள். சந்தைப் பழமும் அந்தத் தரையில் வைத்ததும் நசுங்க மறுத்தது. ஈரோட்டிலிருந்து வந்த ஒரு டிப்பர்காரர், எனக்குச் சாமியும் கிடையாது பூதமும் கிடையாது என்று பழமே வைக்காமல் வண்டியை எடுத்தார். பட்டறை வாசல் தாண்டுவதற்குள் பாவாயி வீட்டு மரத்திலிருந்து நாலு பழம் உதிர்ந்து, வேலிச் சந்தில் நுழைந்து, உருண்டு உருண்டு வந்து, ஆளுக்கொரு சக்கரத்தடியில் உட்கார்ந்துகொண்டது. பிற்பாடு வருகிறவர்களுக்கெல்லாம் விவரம் சொல்கிற வேலையை அந்த டிப்பர்காரரே எடுத்துக்கொண்டார். இதுல மூடநம்பிக்கை ஒண்ணுமில்லீங்க, பழம் கெட்டியா இருக்குது, அவ்வளவுதான் என்பார்.

பட்டறைக்கு வேலைக்கென்று வந்த எதுவும் திரும்பிப் போக முடியாமல், பங்குனி பாதியில் நாற்பத்து மூன்று வண்டிகள் நின்றன. பட்டறைக்குள் பத்து, வெளியே சாலையோரம் பாலம் வரைக்கும் மிச்சம். நின்ற வண்டியை விட்டுப் போக முடியாத டிரைவர்களைப் பார்க்கப் பெண்டாட்டிகள் வந்தார்கள். வந்தவர்கள் சோறாக்கிப் போட்டார்கள். சோறாக்கினவர்கள் வண்டிக்கு வண்டி கொடி கட்டித் துணி உலர்த்தினார்கள். தபால்காரர் ‘மேற்கேயிருந்து ஆறாவது ரிக், கிளி படம் போட்டது’ என்ற விலாசத்துக்குக் கடுதாசி கொடுத்தார். கேபினுக்குள் கோழி அடைகாத்தது. பெண் பார்க்க வந்தவர்களை ஒரு டிரெய்லரின் மேல் ஜமுக்காளம் விரித்து உட்கார வைத்துப் பஜ்ஜி கொடுத்தார்கள், சம்பந்தமும் முடிந்தது. தண்ணீரையும் மண்ணையும் சோதிக்கிற ஆபீசர் ஒருவர் ஜீப்பில் வந்தார். அவர் முன்னெல்லாம் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டே தண்ணீர் நன்றாயிருக்கிறது என்று எழுதிவிட்டுப் போகிறவர். இந்தத் தடவை ஜீப் நகரவில்லை. மூன்று வாரம் பாவாயி வீட்டுக் குழாய்த் தண்ணீரிலேயே பல் தேய்த்துக் குளித்துக் குடித்துப் பார்த்தபின், இது மனுஷர் குடிக்க லாயக்கில்லை என்று தன் கையால் முழுப் பக்கம் எழுதினார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

யாரும் பாவாயியைத் திட்டவில்லை. பழத்துக்கு அவள் மந்திரம் போட்டதாகவும் சொல்லவில்லை. அவளுக்கு ஏதோ குறை இருக்கிறது, அது தீர்ந்தால் வண்டி போகும், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்தது. சித்திரை பிறந்ததும் டிரைவர்கள் எல்லாரும் பட்டறைக் கொட்டகையில் கூடி, பண்ணையிலிருந்து வந்துகொண்டிருந்தவளைச் சாப்பாட்டுத் தூக்கோடு அப்படியே கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார்கள்.

என்னம்மா குறை என்று ராக்கியப்பன் கேட்டார். அவள் புனலைச் சொன்னாள், டாக்டர் சொன்னதைச் சொன்னாள், பிள்ளையை அடித்ததைச் சொன்னாள். அதைச் சொல்லும்போது மட்டும் கையிலிருந்த தூக்கைக் கீழே வைத்தாள். ஒரு பெரியவர் மெதுவாக, வாரித் தூத்திட்டு மனசை ஆத்திக்கோ தாயி, ஒரு பிடி மண்ணு போதும், மத்ததை ஆத்தா பாத்துக்குவா என்றார்.

“ஒரு பிடி பத்தாதுங்க” என்றாள் பாவாயி.

கந்தப்பன் நாற்காலியிலிருந்து எழுந்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வித்தை அவனுக்குக் கைவந்தது. வெறும் வேஸ்ட் ஆயில்தான் ஊற்றினேன், கழுவின தண்ணீர்தான் ஊற்றினேன், பூமாதேவி எதைக் கொடுத்தாலும் செரித்துக்கொள்வாள், பிள்ளைக்குப் படிப்பு வராததற்கெல்லாம் பட்டறையைக் குற்றம் சொன்னால் எப்படி என்று அடுக்கினான். “அந்த மண்ணுல ஒண்ணுமே இல்ல அம்மிணி. நான் சத்தியம் பண்றேன்.”

“ஒண்ணுமில்லீங்களா?”

“ஒண்ணுமில்ல.”

“அப்ப அந்த மண்ணை எடுத்துட்டுப் போயி உங்க வூட்டு வாசல்ல கொட்டிக்குங்க. உங்க வூட்டு மண்ணைக் கொண்டாந்து என்ற வாசல்ல கொட்டுங்க. எண்ணெ வாசம் போற ஆழம் வரைக்கும் எடுக்கோணும். அந்தத் தண்ணியவும் எறச்சு உங்க தொட்டியில ஊத்திக்குங்க.”

கூட்டத்தில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஒன்றுமில்லாத மண்ணை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்தில் கொட்டுவதில் யாருக்கு என்ன நட்டம்? கந்தப்பன் செய்த சத்தியத்தையே எடுத்து அவன் கழுத்தில் மாலையாகப் போட்டுவிட்டாள். இது நல்ல ஞாயமாத்தானே இருக்குது என்று டிப்பர்காரர் சொன்னார். எல்லாரும் ஆமாம் என்றார்கள்.

கந்தப்பன் சரி என்றான். மனசுக்குள் அவன் போட்ட கணக்கு வேறு. வாசலைத் தோண்டி டிப்பரில் முதல் லோடு ஏற்றினதும், டிரைவரைத் தனியாகக் கூப்பிட்டு, வண்டியைச் சின்னேரிக்கு விடு, யாரும் பார்க்காமல் தட்டிவிட்டு வந்துவிடு என்றான். நாலு பழம் வைத்தார்கள். நசுங்கவில்லை. கரட்டுக் குன்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பாழுங்கிணற்றுக்கு என்று மாற்றிச் சொன்னான். நசுங்கவில்லை. மச்சான் தோட்டத்துக்கு என்றான். நசுங்கவில்லை, ஆனால் அந்தச் சேதி காற்றுவாக்கில் மச்சான் காதுக்குப் போய், அன்றோடு அவர்கள் உறவு முறிந்தது. கடைசியில், வியர்வையைத் துடைத்துக்கொண்டு, என்ற வூட்டுக்கே கொண்டு போ என்றான். டிரைவர் கியரைப் போட்டதுதான் தாமதம், நாலு பழமும் ஒரே நேரத்தில் பட்டென்று நசுங்கி, சாறு தெறித்துக் கந்தப்பனின் வெள்ளை வேட்டி முழுக்க விழுந்தது. கூடியிருந்த சனம் குலவை போட்டது.

அன்றைக்கு மத்தியானமே கந்தப்பனின் பெண்டாட்டி மரகதம் பாவாயி வீட்டுக்கு ஓடிவந்தாள். அவள் நல்ல மனுஷி. பாவாயிக்குத் தீபாவளிக்குத் தீபாவளி பலகாரம் அனுப்புகிறவள். வாசலில் கால் வைத்ததும் சேலைக் கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, மண் ஒட்டாத கல்லாகத் தேடித் தேடி மிதித்து வந்து நின்றாள். உட்காருங்கக்கா என்றாள் பாவாயி. இருக்கட்டும் என்றாள் மரகதம். மகள் சுகந்திக்கு ஏழாம் மாசம். வளைகாப்புப் போட்டுப் பிரசவத்துக்கு வீட்டுக்கு அழைத்து வந்து பத்து நாள்தான் ஆகிறது. அதைச் சொல்லி அழுதாள். வேறு என்ன வேண்டுமானாலும் கேள், இந்த மண் மட்டும் வேண்டாம் என்றாள்.

“ஏனுங்கக்கா, மண்ணுல ஒண்ணுமில்லைன்னு அண்ணன் சத்தியம் பண்ணுனாரே?”

மரகதம் கொசுவத்தை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள்.

“உங்களுக்குத் தெரியும்” என்றாள் பாவாயி. “சேலையத் தூக்கிப் பிடிச்சுட்டு வந்தீங்களே, அப்பவே எனக்கு வெளங்கிருச்சு. எத்தனை வருசமாத் தெரியும்?”

மரகதம், பட்டறைத் துணியை அவர் வீட்டுக்குள் கொண்டுவந்தால் நான் விட மாட்டேன், பட்டறையிலேயே குளித்துவிட்டுத்தான் வருவார், சுகந்தி பிறந்த நாள் முதலாய் அப்படித்தான் என்றாள். சொல்லி முடித்தபின்தான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது.

பாவாயி உள்ளே பார்த்தாள். மிதுனா சட்டையின் பொத்தானைப் போட முயன்று, ஒரு துளை தள்ளிப் போட்டு, மறுபடி கழற்றிக்கொண்டிருந்தாள். இந்த இடத்தில் பாவாயி மனசு இரங்கினாள் என்று சொன்னால் கேட்கிறவர்களுக்கு நன்றாகத்தான் இருக்கும். இரங்கவில்லை. பிறக்காத பிள்ளையை ஒரு கணம் நினைத்தது நிஜம். அதற்குள் விளக்குமாற்றுக் குச்சியைப் பிடித்த தன் கை கண்ணில் பட்டுவிட்டது.

“உங்க மகளை இன்னைக்கே அவ மாமியார் வூட்டுக்கு அனுப்பி வெச்சிருங்க. இங்க ஒரு நாளும் வர வேண்டாம்னு சொல்லுங்க” என்றாள். “எனக்குத்தான் யாரும் சொல்லல. உங்களுக்கு நான் சொல்றேன்.”

சுகந்தியின் கார் அன்று சாயங்காலமே பல்லடத்துக்குக் கிளம்பியது. அதற்குக் கீழே வைத்த பழங்கள் தடையில்லாமல் நசுங்கின.

பிறகு நாற்பது நாள், பகல் முழுக்க மண் போயிற்று. பதினெட்டு அடியில் கறுப்பு மாறியது, இருபத்திரண்டு அடியில் வாசம் மாறியது. லோடு கொட்டிவிட்டு வந்த வண்டி அதோடு விடுதலை. கிளி படம் போட்ட ரிக்கும் ஆபீசரின் ஜீப்பும்கூட ஆளுக்கொரு நடை மண் சுமந்துவிட்டுத்தான் ஊர் போய்ச் சேர்ந்தன. மண் தூற்றுவதென்றால் வாயால் சொல்லவும் வேண்டும் அல்லவா, அதனால் ஒவ்வொரு டிரைவரும் கந்தப்பன் வீட்டு வாசலில் டிப்பரைத் தூக்கும்போது, ஒரு மரியாதைக்காக, மண்ணாப் போக என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டே தட்டினார். இவ்வளவு பெரிய மண் தூற்றலை எந்த ஊரிலும் எந்தப் பெண்ணும் செய்ததில்லை என்று வேன் பிடித்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ரோஜாப் பாத்தி மூடியது, டைல்ஸ் போட்ட போர்ட்டிகோ மூடியது, மண் ஜன்னல் வரைக்கும் ஏறியது. முருங்கை நின்றபடியே காய்ந்தது. தொட்டித் தண்ணீரில் வானவில் மிதந்தது. ஒன்பதாம் நாள் மரகதம் பெட்டியைக் கட்டிக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

கந்தப்பனும் வேறு வீடு பார்த்துப் போய்விடத்தான் நினைத்தான். ஆனால் அவன் எங்கே போய் நின்றாலும் அவன் வேட்டி மடிப்பிலிருந்து, சட்டைப் பையிலிருந்து, காது மடலிலிருந்து அந்தக் கறுத்த மண் உதிர்ந்தது. எத்தனை தரம் குளித்தாலும் உதிர்ந்தது. வீடு காட்டினவர்கள் தரையைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கதவைச் சாத்தினார்கள். டீக்கடையில் அவனுக்கென்று ஒரு டம்ளர் தனியாக வைத்தார்கள், பெஞ்சியை விட்டுத் தள்ளி ஒரு கல்லும் போட்டார்கள். யாரும் அவனை ஏசவில்லை, அடிக்கவில்லை. அவன் எழுந்து போனதும் டீக்கடைக்காரர் துடைப்பத்தை எடுப்பார்.

பாவாயி வீட்டு வாசலில் செம்மண் நிரப்பினார்கள். ஆபீசர் எழுதின ஒரு பக்கத்தால் காவேரித் தண்ணீர்க் குழாய் தெரு முழுக்க வந்தது. மிதுனாவுக்கு வயிற்று வலி நின்றது, ஈறின் நீலம் வெளுத்தது. போனது வரவில்லை. வரும் வரும் என்று புருஷன் போனில் சொல்வான். வராது என்று பாவாயிக்குத் தெரியும்.

ஆடியில் சுகந்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. பேத்தியைப் பார்க்கக் கந்தப்பனைப் பல்லடத்துக்குக் கூட்டிப்போக எந்த வண்டிக்காரனும் சம்மதிக்கவில்லை. பழகின தோஷத்துக்கு ராக்கியப்பன்தான் சீட்டின் மேல் சாக்கை விரித்து ஏற்றிக்கொண்டு போனார். திரும்பி வந்ததும் நேரே பாவாயி வீட்டுக்கு வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, நடந்ததைச் சொன்னார். கேட்டுக்கு வெளியிலேயே நிற்கச் சொன்னாளாம் மகள். கால் கழுவச் சொன்னாளாம், கழுவினானாம். சட்டையை மாற்றச் சொன்னாளாம், மாற்றினானாம். அப்படியும் நின்ற இடத்தில் மண் உதிர்ந்ததைப் பார்த்து, குழந்தையை மாடியில் கொண்டுபோய், ஜன்னலுக்கு உள்ளேயிருந்து தூக்கிக் காட்டினாளாம். அப்பா, பாத்தாச்சில்ல, போயிட்டு வாங்க என்றாளாம். கந்தப்பன் ரெண்டு கையையும் மேலே நீட்டிக்கொண்டு, ஜன்னலைச் சாத்தின பிறகும் நீட்டினபடியே ரொம்ப நேரம் நின்றானாம். வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தான் என்று சொல்லி ராக்கியப்பன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“கொழந்தை நல்லா இருக்குதுங்களா?” என்று கேட்டாள் பாவாயி.

“நல்லா மொழுமொழுன்னு இருக்குதும்மா.”

“நல்லா இருக்கட்டும். நூறு வருசம் நல்லா இருக்கட்டும், அவன் கைக்கு எட்டாத தூரத்துல.”

ராக்கியப்பன் போனபிறகு அவள் உள்ளே வந்து, மிதுனாவுக்குப் பிசைந்து ஊட்டினாள். அப்புறம் தனக்கும் ஒரு தட்டு எடுத்துவைத்து, குழம்பு ஊற்றி, மறுசோறு போட்டு, மோர் விட்டு, சேலத்திலிருந்து வந்த நாளுக்குப் பிறகு முதல் முறையாக வயிறு நிறையச் சாப்பிட்டாள்.